சற்றுமுன்… சரி, அப்புறம்?

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை சாயங்காலம். சென்னை ராயப்பேட்டை, அவ்வை சண்முகம் சாலை. அ.தி.மு.க. தலைமை அலுவலகத்துக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்த கட்சிக் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் சில, முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று அறிவித்திருந்தன. கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை முன்பு கூடியிருந்த கூட்டம் கதறியது. கொஞ்ச நேரத்தில் மருத்துவமனை ட்விட்டரில் மறுப்பு வெளியிட்டது. செய்தியில் உண்மையில்லை, சிகிச்சை தொடர்கிறது என்றது. இறங்கிய கொடி மறுபடி ஏறியது. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது என்றார்கள்.

சேனல்களை அன்றைக்கு எல்லோரும் திட்டித் தீர்த்தோம். திட்டியது நியாயம்தான். ஆனால், இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது உறுத்துவது வேறொன்று. அன்று சாயங்காலம் கொடி இறங்கியதையும் ஏறியதையும் கண்முன் நடந்ததுபோலச் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கும் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். அதே மரணத்தை விசாரித்த ஆணையம் 2022-ல் கொடுத்த அறிக்கையில் என்ன இருந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “ஏதோ சொன்னாங்களே…” என்று இழுப்பார்கள். நடந்துகொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்துகொள்கிறோம். நடந்து முடிந்தது என்னவென்று தெரிந்துகொள்வதற்குள் வேறு எங்கோ போய்விடுகிறோம்.

17 நாள் இடைவெளி

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ரிலையன்ஸ் ஜியோ தன் சேவையைத் தொடங்கியது 2016 செப்டம்பர் 5-ல். டிசம்பர் வரை எல்லாம் இலவசம், தினம் 4 ஜி.பி. வரை 4ஜி டேட்டா. ஆதார் எண்ணைச் சொல்லி, கைரேகை வைத்து சிம் வாங்க, கடை வாசல்களில் வரிசை நின்றது. ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது செப்டம்பர் 22 இரவு. நடுவில் 17 நாள்தான். தமிழ்நாடு கைபேசியிலேயே விடாமல் பார்த்துப் பழகிய முதல் பெருஞ்செய்தி அந்த 75 நாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை யூடியூபில் ஒரு பாட்டுப் பார்ப்பதற்கே டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயந்தவர்கள், நேரலையை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மருத்துவமனை வெளியிட்ட அறிக்கைகளோ நாலைந்து வரி. ‘காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு’ என்று ஆரம்பித்து, ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார்’ என்பதோடு நின்றுவிடும். ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. பசி பெரிது, போட்ட சோறு ஒரு கவளம். மீதியை வாட்ஸ்அப் நிரப்பியது. ‘எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் சொன்னாங்க’ என்று ஆரம்பிக்கும் குரல் பதிவுகள் மாவட்டம் மாவட்டமாகப் போயின. வதந்தி பரப்பியதாக போலீஸ் வழக்குப் போட்டது. சிலரைக் கைதும் செய்தது. வதந்தி அடங்கவில்லை. ‘மறைக்க ஏதோ இருக்குபோல’ என்ற பேச்சுத்தான் கூடியது.

நடுவில் நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம். புது 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தியும் இதே வழியில்தான் வந்தது. ஏ.டி.எம். வரிசையில் நின்றபடி அதை ஃபார்வர்டு செய்தோம்.

அதே ஆஸ்பத்திரி, 1984

இதே அப்போலோவில் இன்னொரு முதலமைச்சரும் இருந்திருக்கிறார். 1984 அக்டோபர் 5 இரவு எம்.ஜி.ஆர். அங்கே சேர்க்கப்பட்டார். நவம்பர் 5-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை. அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் அவர் ஊரிலேயே இல்லாமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். மருத்துவமனையில் எடுத்த வீடியோவைப் பிரசாரத்தில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். திரும்பி வந்தது 1985 பிப்ரவரி 4-ல்.

அந்த நாலு மாதத்தைத் தமிழ்நாடு எப்படிப் பின்தொடர்ந்தது? காலையில் டீக்கடைக்கு வரும் தினத்தந்தி. அதைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார். மத்தியானம் கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகை போஸ்டர். வானொலியில் குறித்த நேரத்தில் செய்தி. அவ்வளவுதான். இரண்டு செய்திக்கு நடுவில் பல மணி நேரம் சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் வயல் வேலை நடந்தது, கோயிலில் வேண்டுதலும் மண்சோறும் நடந்தன. வதந்தியும் தாராளமாக நடந்தது. ‘ஆள் போயாச்சு, மறைக்கிறாங்க’ என்று அன்றைக்கும் பேசினார்கள். ஆனால் பேசியவன் பெயர் தெரியும், முகம் தெரியும். ‘இவன் சொன்னா பாதிதான் நெசம்’ என்ற கழிவும் போட்டுத்தான் கேட்பார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மெதுவாக வந்த செய்தி பல நேரம் மறைக்கப்பட்ட செய்தி. எம்.ஜி.ஆர். அப்போலோவில் இருந்த அதே அக்டோபரின் 31-ம் தேதி காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. அன்று பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி சாயங்காலம்தான் வாய் திறந்தது. அரசாங்கம் சொன்னால்தான் செத்தவரும் செத்தவர் என்ற நிலைமைக்குத் திரும்ப எனக்கு ஆசையில்லை.

தவறான செய்தியும் புதுசு கிடையாது. 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, அவர் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலியில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றன. கடைகளும் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. ஜே.பி. உயிரோடு இருந்தார். அதன்பின் அக்டோபர் 8 வரை வாழ்ந்தார். யூடியூப் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, பிரேக்கிங் நியூஸும் இல்லாத நாட்டில் நடந்தது இது. அன்றைக்குத் தப்பைச் சொன்ன வாயே திருத்தத்தையும் சொன்னது. ஒரே வானொலி, ஒரே காது. இறந்தார் என்று கேட்டவர்தான் இருக்கிறார் என்பதையும் கேட்டார்.

2016-ல் அந்த வசதி இல்லை. மாலை 5.30-க்கும் 6-க்கும் நடுவில் குடும்ப க்ரூப்பில் சித்தப்பா போட்ட ‘ஆழ்ந்த இரங்கல்’ கார்டை அத்தை தன் கோயில் க்ரூப்புக்கு அனுப்பியிருப்பார். அங்கிருந்து அது எங்கே போனது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. அப்போலோவின் மறுப்பு சித்தப்பாவுக்கு வந்தது; அத்தைக்கு வந்ததா? அனுப்பியதை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் வந்ததே 2017 கடைசியில்தான்.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் பொருந்துகிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய, ஏறத்தாழ 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் உண்மைக்குத் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. வேகத்துக்குக் காரணம் மனுஷன்தான். பொய் புதுசாக இருக்கிறது, ஆச்சரியப்படுத்துகிறது, அதனால் அனுப்புகிறான்.

“அவன் போட்டுட்டான், நமக்கு என்ன?”

செய்திச் சேனல்களின் அசைன்மென்ட் டெஸ்க்கில் எதிர்ச் சுவர் முழுக்க டி.வி.க்கள் இருக்கும். எல்லாம் போட்டிச் சேனல்கள். சத்தத்தை அடைத்து வைத்திருப்பார்கள். ஏதோ ஒன்றில் கீழ்ப்பட்டை சிவப்பாக மாறும். உடனே ஸ்பாட்டில் இருக்கும் நிருபருக்கு போன் போகும். “தம்பி, அவன் போட்டுட்டான். நமக்கு என்ன?” “சார், டாக்டர் யாரும் இன்னும் சொல்லலை.” “சொல்லலைன்னா அவன் எப்படிப் போட்டான்?” இந்தக் கேள்விக்கு நிருபரிடம் பதில் இருக்காது. ‘தகவல்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு இவர்களும் போடுவார்கள். இப்போது இரண்டு சேனல் ஆயிற்று. மூன்றாவது சேனலுக்கு, இரண்டு பேர் போட்டுவிட்டார்களே என்பதே உறுதிப்பாடு. எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். முதலில் ஓடியவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

டி.வி.யோடு இது முடிந்திருந்தால் பரவாயில்லை. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் நியூஸ் கார்டை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மேலே சிவப்புப் பட்டை, அதில் ‘சற்றுமுன்’. நடுவில் ஒரு முகம். உடல்நிலை மோசம் என்றால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். கீழே மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி. மூலையில் லோகோ. பலவற்றில் தேதியே இருக்காது. இருந்தாலும் க்ராப் செய்யும்போது போய்விடும். அதனால் போன மாதத்துக் கார்டு இந்த மாதமும் சற்றுமுன்னாகவே சுற்றுகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் இதைப் பார்க்கிறோம். ‘மாடியில் கர்ப்பிணி சிக்கியிருக்கிறார், படகு தேவை’ என்ற செய்தி, அவர் மீட்கப்பட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

தேதியும் ஊரும் உதிர்ந்த செய்தி என்ன செய்யும் என்பதற்கு 2018 மே மாதத்தைப் பார்க்கலாம். எங்கோ எடுத்த வீடியோக்களை வைத்து, குழந்தை கடத்தும் கும்பல் நம் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் சொல்லிக்கொண்டிருந்தது. போளூர் பக்கம் அத்திமூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வடக்கேயும் இப்படிப் பல உயிர்கள் போன பின், அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

கார்டுகளிடம் எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. எல்லாம் ஒரே அளவு. பத்திரிகையில் எட்டுக் காலத் தலைப்பு என்றால் பெரிய விஷயம். ஏழாம் பக்கத்து ஓரத்தில் நாலு வரி என்றால் சின்ன விஷயம். அந்த எடை போடலில் பாரபட்சம் இருந்தது, சாதி இருந்தது, விளம்பரதாரர் முகதாட்சண்யமும் இருந்தது. ஆனாலும் ஓர் எடை இருந்தது. போன் திரையிலோ ரயில் விபத்து, நடிகரின் விவாகரத்து, பட்ஜெட், தங்கம் விலை எல்லாவற்றுக்கும் ஒரே சதுரம், ஒரே சிவப்பு. கட்டைவிரல் ஒரே வேகத்தில் தள்ளிவிடுகிறது.

80 மணி நேரம்

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருச்சி மாவட்டம் மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டி. வீட்டருகே கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. முதலில் 26 அடியில் இருந்த குழந்தை, மீட்கும் முயற்சிகளுக்கு நடுவில் இன்னும் கீழே இறங்கியது. கடைசியில் 88 அடி.

அந்த நாலு நாளும் தமிழ்நாடே அந்தக் குழிக்கு மேலே குனிந்து நின்றது. மதுரையில் இருந்தும் கோவையில் இருந்தும் குழுக்கள் தங்கள் கருவிகளோடு வந்தன. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்ட ரிக் இயந்திரம் வந்தது, பாறை இடைமறித்தது, அதைவிடப் பெரிய இயந்திரம் வந்தது. பட்டாசு வாங்கப் போன இடத்தில் ‘எத்தனை அடி போயிருக்காங்க?’ என்றுதான் விசாரித்தார்கள். கரிசல் பாறைக்கும் கருங்கல் பாறைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்கூட ரிக் பற்றி யோசனை சொன்னார்கள். கையில் சுருக்கு மாட்டித் தூக்கலாமா, ஆக்சிஜன் போகிறதா, கேமராவில் தெரிவது கையா முதுகா என்று நாடே விவாதித்தது. 29-ம் தேதி அதிகாலை, உடல் எடுக்கப்பட்டது. 80 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அந்த நேரலையைத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அன்று எல்லா வீட்டிலும் எல்லோரும் டி.வி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படித் தொடர்ந்து பார்ப்பது மனசை என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுக்க, தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் நேரில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்தம் தெரிந்தது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். நேரில் இருந்தவருக்குக் குண்டு ஒருமுறை வெடித்தது. டி.வி. முன்னால் இருந்தவருக்கு ஒரு வாரம் வெடித்தது. போதுமடா சாமி என்று செய்தியையே ஒதுக்குகிறவர்களும் கூடுகிறார்கள். ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் 2024-ல் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு 39 பேர் அவ்வப்போதோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். 2017-ல் அது 29.

நடுக்காட்டுப்பட்டிக்கு வருவோம். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை என்ன செய்ய வேண்டும் என்பதை 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தோண்டுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றி வேலி போட வேண்டும். தோண்டும் நிறுவனத்தின் பெயரோடு பலகை வைக்க வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகட்டால் நட்டு போட்டு மூட வேண்டும். கைவிட்டால் அடியில் இருந்து தரைமட்டம் வரை மண்ணால் நிரப்ப வேண்டும். தமிழக அரசும் 2015-ல் விதிகள் வகுத்திருந்தது. நாலு நாள் நேரலையில் 88 அடி என்ற எண் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்கும்! ‘உங்கள் ஊராட்சியில் மூடாத குழி எத்தனை, அதற்குப் பொறுப்பு யார்’ என்பது எத்தனை முறை வந்தது? குழந்தையின் உடலை எடுத்த பதினோராம் நாள் அயோத்தித் தீர்ப்பு வந்தது. எல்லாக் கேமராவும் அங்கே திரும்பின. மூடாத குழிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அதுதான், கேட்க ஆளில்லை.

உடனடிச் செய்தி என்றாலே இப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியாமல், 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் தன் வரலாற்றில் முதன்முறையாக மறுநாள் சென்னையில் வெளிவரவில்லை. அந்த இரவில் எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே படகு என்று சொன்னது ட்விட்டரும் ஃபேஸ்புக்கும்தான். அந்த மழைக்காலத்தில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் எழுதியவற்றை எத்தனையோ பேர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுத்தில் நேரம் இருக்கும், ஊர் இருக்கும், எதனால் சொல்கிறார் என்பதும் இருக்கும். பயப்படத் தேவையில்லை என்றால் அதையும் சொல்வார். மழை வராது என்பதும் செய்திதான் என்று தெரிந்த ஆள்.

2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் இருந்த ஏழு வாரமும், அவர் மகன் சரண் அடிக்கடி கேமரா முன்னால் வந்து நிலைமையைச் சொன்னார். கொரோனா நெகட்டிவ் என்று ஒருநாள் தவறான செய்தி கிளம்பியபோது, அவரே வந்து மறுத்தார். 2016-ல் அப்போலோவின் நாலு வரி அறிக்கைக்குப் பதிலாக இப்படி ஒரு முகம் இருந்திருந்தால், கிரீம்ஸ் சாலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அறிக்கை வந்த நாள்

ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க 2017 செப்டம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆறுமுகசாமி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். கொடுத்த அவகாசம் மூன்று மாதம். 14 முறை நீட்டித்தார்கள். 2022 ஆகஸ்ட் 27-ல் அறிக்கை முதலமைச்சர் ஸ்டாலின் கைக்கு வந்தது. அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மருத்துவமனை சொன்ன டிசம்பர் 5 இரவு 11.30 மணியை ஆணையம் ஏற்கவில்லை. டிசம்பர் 4 பிற்பகல் 3 மணிக்கும் 3.50-க்கும் இடையில் மரணம் நேர்ந்ததாக எழுதியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், சிகிச்சை முறையாகவே நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு சொல்லியிருந்தது. எந்த நேரத்தை முந்திச் சொல்லச் சேனல்கள் அன்று ஓடினவோ, அந்த நேரமே ஆறு வருடம் கழித்துச் சர்ச்சையாகிவிட்டது. அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. பெரும்பாலோர் பார்த்தது அதன் கார்டைத்தான்.

அதே அக்டோபர் 18-ல் இன்னொரு அறிக்கையும் அவையில் வைக்கப்பட்டது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை. அன்றைக்குச் சுட்டதையும் ஓடியதையும் விழுந்ததையும் உடனுக்குடன் போனில் பார்த்தோம். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை அரசு துண்டித்தது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் வீடியோ பார்க்க, தூத்துக்குடிக்காரர் காலைப் பத்திரிகைக்குக் காத்திருந்தார்.

அந்த ஆணையம் போலீஸ் அதிகாரிகள் பலர்மீதும் அப்போதைய கலெக்டர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் இந்தச் சம்பவம் தொடர்பான தன் விசாரணையை முடித்துவைத்ததை எதிர்த்து, மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி திபேன் தொடுத்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக விசாரணைக்கு வந்துகொண்டிருந்தது. வாய்தா நாட்களில் கோர்ட் நிருபர்கள் போய் உட்கார்ந்து எழுதினார்கள். பெரும்பாலும் உள்பக்கத்தில், ஒற்றைக் காலத்தில் வந்தது.